அழுத்தி வைத்த ஒரு புள்ளி

எங்கள் பழைய மாலுமிகளின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் ரோஜாப்பூப் படமும் தவிர வேறெதுவும் வருவதில்லை. போன மாதம் அதிசயமாக ஒரு செய்தி வந்தது. கப்பல்களில் காகிதச் சார்ட்டுகளை மூட்டை கட்டிவிட்டார்களாம், இனி எல்லாம் திரையில்தானாம். அதைப் போட்டவர் என்னைவிடப் பதினைந்து வருஷம் இளையவர். கூடவே எனக்கு ஒரு வேண்டுகோளும் வைத்திருந்தார். "ஏகாம்பரம் அண்ணே, நீங்க சார்ட்டோடயே குடும்பம் நடத்தினவரு. ஏதாச்சும் எழுதுங்க, நாங்க படிக்கிறோம்."

நான் ஒப்பாரி வைப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் வருத்தமில்லை. திரையில் வருவது நல்லதுதான். திருத்தங்கள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். முக்கியமாக, ஒரு பன்னை எடுத்துத் துடைத்தால் எதுவும் அழிந்து போகாது. ஏன் பன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில். அப்பா நோட்டுப் புத்தகங்களுக்குக் கோடு போட்டு பைண்டு செய்யும் சின்னக் கடை வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கோடு நேராக வரும். அந்த ஒரு தகுதியை நம்பிக் கடற்படையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினேன், நீந்தினேன், இந்தி கற்றேன், நிறைய பட்டாணி தின்றேன். பிறகு யாரோ ஒரு அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என்னை யோமன் ஆக்கினார். கப்பலில் வழி பார்க்கும் அதிகாரிக்கு உதவியாக, சார்ட்டுகளைப் பராமரிக்கும் மாலுமிக்கு அப்படிப் பெயர்.

சார்ட் என்றால் கடலுக்கான மேப். சாதாரண மேப்பில் தரை நிரம்பி வழியும், கடல் வெறும் நீலமாகக் கிடக்கும். சார்ட்டில் அது நேர்மாறு. தரையில் ஒரு கோபுரம், ஒரு விளக்கு, அவ்வளவுதான். கடல் முழுக்க எண்கள், ஒவ்வொரு எண்ணும் அந்த இடத்து ஆழம். முதல் முறை சென்னைச் சார்ட்டை விரித்தபோது எனக்கு ஏதோ கனவில் ஊரைப் பார்ப்பது போல இருந்தது. ஊர் இருக்கிறது, ஆனால் தெருக்கள் இல்லை. கலங்கரை விளக்கம் ஒரு நட்சத்திரம். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் ஒரு சிலுவை. நான் வளர்ந்த சிந்தாதிரிப்பேட்டை வெறும் மஞ்சள் பூச்சு.

என் வேலை திருத்தம். வாரா வாரம் ஒரு சின்னப் புத்தகம் வரும். எந்த விளக்கு அணைந்திருக்கிறது, எந்த மிதவையை நகர்த்தியிருக்கிறார்கள், எங்கே புதிதாக ஆழம் குறைந்திருக்கிறது என்று அதில் இருக்கும். நிரந்தர மாற்றம் என்றால் கத்தரிப்பூ நிற மையால் போட வேண்டும். தற்காலிக மாற்றம் என்றால் பென்சிலால். மணல் நகரும் என்பதால், திட்டுகள் பெரும்பாலும் பென்சிலில்தான் வரும். ஆபத்தான இடத்தைச் சுற்றி புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஆழத்தை எழுத வேண்டும். சார்ட்டின் இடதுபக்கக் கீழ்மூலையில் திருத்தத்தின் எண். பிறகு ஒரு பதிவேடு உண்டு. அதில் போட்டாயிற்று என்று எழுதி நான் கையெழுத்து வைப்பேன், பக்கத்தில் அதிகாரி வைப்பார்.

அந்த அதிகாரிதான் லெப்டினன்ட் சந்தானம். என்னைவிட ஐந்து வயது இளையவர். மயிலாப்பூர்க்காரர். ஒல்லி, நிதானம், சிரித்தால் சத்தம் வராது. மற்றவர்கள் இருந்தால் ஆங்கிலம் அல்லது இந்தி. நாங்கள் இருவர் மட்டும் சார்ட் அறையில் இருந்தால் அவருடைய ஆத்துத் தமிழ் மெதுவாக வெளியே வரும். நானும் அவரும் பிறந்த வீடுகளுக்கு நடுவே அரை மணி நேர பஸ் பயணம்தான். ஆனால் நான் பேசுவது அவருக்கும், அவர் பேசுவது எனக்கும் வேடிக்கையாக இருக்கும்.

பென்சிலை அவர் யாரையும் சீவ விடமாட்டார். பிளேடால் தானே சீவுவார். கரி நீளமாக வெளியே தெரிய வேண்டும். சீவி முடித்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார், கீறக்கூடாது, வழுக்க வேண்டும். 2பி பென்சில் மட்டும். அழித்தபின் தூசியை உள்ளங்கையால் துடைத்தால் பிடிக்காது, ஊத வேண்டும். அவர் போட்ட கோட்டைப் பார்த்தால் காகிதத்தின் மேல் கொஞ்சம் உயரே நிற்பதுபோல இருக்கும், அவ்வளவு லேசான கை.

என் கை அப்படியில்லை. அப்பா கடையில் கார்பன் வைத்து எழுதிப் பழகிய கை. நான் ஒரு எண் எழுதினால் காகிதத்துக்குப் பின்பக்கம் தடவிப் பார்த்தே படித்துவிடலாம். என் தோளுக்குப் பின்னால் அவர் வந்து நிற்பார். அவர் குரல் உயராது.

"அழுத்தாதீங்கோ, ஏகாம்பரம். நாளைக்கு அழிக்கணும்."

ஒரு நாளைக்கு நான்கு தரமாவது இதைக் கேட்பேன். இரண்டு வருஷம் கேட்டேன்.

எங்கள் கப்பல் சின்ன ரோந்துக் கப்பல். அதன் பெயர் இங்கே வேண்டாம். அந்த வருஷம் சென்னையில் பொதுமக்கள் கரையிலிருந்து பார்க்கும்படி கடலோரமாகச் சில கப்பல்களை அணிவகுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு எங்கள் கப்பல் மட்டும் ஒத்திகை. தெற்கிலிருந்து வந்து, பெசன்ட் நகரின் எலியட்ஸ் பீச்சை ஒட்டினாற்போல் மெதுவாகக் கடந்து, அடையாறு முகத்துவாரம் தாண்டி, மெரினா வரை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம், என் மனைவி கஸ்தூரி நான் வேலை செய்யும் கப்பலைப் பார்த்ததே கிடையாது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் பத்து மணிக்குள் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வந்துவிடு, அப்பாவின் ஆரஞ்சுத் துண்டை எடுத்துவந்து ஆட்டு, அதை வைத்து உன்னைக் கண்டுபிடிக்கிறேன் என்று போனில் சொன்னேன். ஒத்திகை முடிந்ததும் பெரிய அதிகாரிகள் கப்பலுக்கு வருவார்கள், சார்ட் அறையையும் எட்டிப் பார்ப்பார்கள் என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

சென்னைச் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். பல பயணங்களின் பென்சில் கோடுகள், விரல் அழுக்கு, ஒரு மூலையில் டீ வட்டம். என் ஊர், என் கையில் இருக்கும் ஊர், இப்படியா இருப்பது என்று தோன்றியது. அப்பா கடையில் புது நோட்டில் விரல்கறை பட்டால் பன்னைப் பிய்த்து, உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியை உருட்டித் துடைப்பார். காகிதம் பளிச்சென்று ஆகிவிடும். கப்பல் சமையலறையில் நான்கு பன் வாங்கிவந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து, மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் அந்தச் சார்ட்டைத் துடைத்தேன். துணுக்குகளை ஊதித் தள்ளினேன். மை போட்டவை எல்லாம் அப்படியே இருந்தன. பென்சில் எல்லாம் போய்விட்டது. அதன்மேல் சாய்வாக வெயில் விழுந்தபோது நானே அதைப் பார்த்து மயங்கினேன்.

விதிப்படி, பென்சில் குறி எதையும் அழிக்கும் முன் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எது பழைய பயணக் கோடு, எது திருத்தம் என்று ஒவ்வொன்றாய்ச் சரிபார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் வந்த நாற்பது திருத்தங்களில் ஒன்று, அடையாறு முகத்துவாரத்துக்குத் தென்கிழக்கே புதிதாக ஒரு மணல்திட்டு, ஆழம் இரண்டரை மீட்டர், இடம் தோராயம். எங்கள் கப்பல் மிதக்க மூன்று மீட்டருக்கு மேல் வேண்டும். அதை நானே போட்டிருந்தேன். கையெழுத்தும் வைத்திருந்தேன். அன்று சந்தானம் சார் என் பின்னாலேயே நின்றதால், அதிசயமாக, அழுத்தாமல் போட்டிருந்தேன். வழக்கம்போல் போட்டிருந்தால் துடைத்தபின்னும் பள்ளம் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை காலை சந்தானம் சார் அந்தச் சார்ட்டில் ஒத்திகைக்கான கோடு போட்டார். சுத்தத்தைப் பார்த்து ஒரு நொடி நின்றார், "பேஷ்" என்றார். தற்காலிகத் திருத்தமெல்லாம் சார்ட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது சார் என்றேன். பொய் சொல்லவில்லை. போட்டது நினைவிருந்தது, துடைத்தது என்னவென்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடல் தூங்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் மழை முடிந்து வெளுத்த வானம். எது வானம், எது தண்ணீர் என்று பிரிக்க ஒரு கோடுகூட இல்லை. கரை மெல்ல எங்களை ஒட்டி நகர்ந்தது, வேளாங்கண்ணி கோயில் கோபுரம், அஷ்டலட்சுமி கோயில், தென்னைகள், சின்னச் சின்ன மனிதர்கள். நான் சார்ட் அறை வாசலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் முன்னால் கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜ், கேப்டனின் முதுகு. ஆழம் காட்டும் கருவியின் முன்னே உட்கார்ந்திருந்த மாலுமி எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏழு. ஏழு. ஆறரை. அவன் குரலில் தாலாட்டு மாதிரி ஒரு ராகம் இருந்தது. பிறகு ஐந்து என்றான். அடுத்த மூச்சில் நான்கு. கேப்டன் இன்ஜினை நிறுத்தச் சொன்னபோது அவன் மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இடிக்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் பஸ் வந்து நிற்பதுபோல் நின்றது. என் பக்கத்து மேஜையில் இருந்த டம்ளரில் டீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, திரும்ப நேரானது. இன்ஜின் ஓய்ந்ததும் அப்படி ஓர் அமைதி. கரையில் பூசை மணி அடிப்பது கேட்டது. யாரோ ஐஸ் விற்பது கேட்டது.

கேப்டன் வடக்கத்திக்காரர். தொப்பியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். மணி என்ன என்று கேட்டார். பத்து இருபது. கப்பலின் அடியில் எங்காவது தண்ணீர் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். கப்பலைச் சுற்றிக் கயிறு விட்டு ஆழம் அளக்கச் சொன்னார். துறைமுகத்துக்குத் தகவல் சொல்லி இழுவைப் படகு கேட்கச் சொன்னார். கடைசியாக, சார்ட்டை யாரும் தொடக்கூடாது என்றார். அது எல்லாக் கடற்படையிலும் உள்ள வழக்கம்தான். கப்பல் தரை தட்டிய நிமிஷத்தில் சார்ட் ஒரு சாட்சி ஆகிவிடும்.

அப்போதுதான் நான் திரும்பி அந்தச் சார்ட்டைப் பார்த்தேன். சந்தானம் சாரின் மெல்லிய கோடு. அது போகும் வழியில் வெள்ளையாக, சுத்தமாக, ஒன்றுமில்லாத ஓர் இடம். என் கையில் பன்னின் மெத்தென்ற உணர்வு திரும்ப வந்தது.

தண்ணீர் அப்போது வற்றி முடியும் நேரம். சென்னையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் மூன்றடிகூட இருக்காது. நாலரை மணிக்குத்தான் முழுதாக ஏறும். அதுவரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எடையைக் குறைக்கத் தொட்டியில் இருந்த நல்ல தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். மீனவர் குப்பத்திலிருந்து இரண்டு படகுகள் வேடிக்கை பார்க்க வந்தன. ஒரு படகில் இருந்த வயசாளி என்னை நிமிர்ந்து பார்த்து, நான் தமிழன் என்று எப்படியோ கண்டுகொண்டார்.

"இன்னா நைனா, இங்க வந்து குந்திக்கினீங்க? மணலு ஏறிக்கினு கீது இங்க. மய விட்டதுலேர்ந்து எங்க வலையே மாட்டிக்கினு கீது."

குப்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரிந்திருந்த விஷயம்.

சிக்னல் பார்க்கும் நண்பன் கண்ணடித்து என்னிடம் பைனாகுலரைக் கொடுத்தான். பார்த்தேன். ஆரஞ்சுத் துண்டு. கஸ்தூரியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும். சத்தமே இல்லாமல் துள்ளினார்கள், கை தட்டினார்கள். ஒருத்தி கஸ்தூரியின் கன்னத்தைக் கிள்ளினாள். கப்பல் அவளுக்காக நின்றிருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவள் முகம் அவ்வளவு பூரிப்பாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் கையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

இனி வரப்போவது எனக்குப் புரிந்திருந்தது. விசாரணை வரும். பதிவேட்டில் திருத்தம் போட்டதாக இருக்கும், சார்ட்டில் இருக்காது. ஒன்று, யோமன் போடாமலே பொய்க் கையெழுத்து வைத்தான் என்பார்கள். அல்லது, திட்டு குறித்திருந்தும் கவனிக்காமல் கோடு போட்ட அதிகாரி, தரை தட்டியதும் பயந்து அதை அழித்துவிட்டார் என்பார்கள். முதலாவது என் வேலையைத் தின்னும். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்தது, அதோடு சென்னையிலேயே கரைப் பணி. ஏழு வருஷமாகக் கஸ்தூரி கேட்டது அது ஒன்றுதான். இரண்டாவது அவருடைய மானத்தைத் தின்னும்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. மத்தியானம் கேப்டன் கூப்பிட்டு சந்தானம் சார் மேல்தளத்துக்குப் போனார். சார்ட் அறையில் நான் தனியே இருந்தேன். அவருடைய பென்சில், அவர் சீவியது, மேஜையில் கிடந்தது. புள்ளி வட்டத்தைத் திரும்பப் போட்டுவிட்டால் போதும். பதிவேடு சரி, சார்ட் சரி, யோமன் சரி. கண்ணெதிரே இருந்த திட்டின்மேல் கோடு போட்டது அதிகாரி என்று ஆகிவிடும். தெரியாமல் செய்யப்போனேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் தெரியும். நன்றாகத் தெரியும்.

பென்சிலை எடுத்தேன். ஒரு புள்ளி வைத்தேன்.

சுற்றுக்கு இருபது புள்ளியாவது வேண்டும். இரண்டாவது வைக்கும் முன் தலை நிமிர்ந்து மூச்சு விட்டபோது வட்ட ஜன்னலில் கரை தெரிந்தது. பைனாகுலர் இல்லாமலேயே அந்த ஆரஞ்சு நிறம் தெரிந்தது, ஒரு பொட்டு போல. இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரமாக ஆட்டுகிறாள், கை வலிக்காதா என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. பென்சிலை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சந்தானம் சார் இறங்கி வந்ததும் பன் கதையைச் சொன்னேன். அப்பா கடை, விரல்கறை, வெள்ளிக்கிழமை மதியம் எல்லாம். புள்ளியை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே சார்ட்டைப் பார்த்தார், தொடாமல், குனிந்து, வெகுநேரம். திட்டவில்லை. அந்த நாற்பதில் அதுவும் ஒன்று என்று தானே ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்றார். பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டியவன் நான், உங்களை வாயால் கேட்டது என் தப்பு என்றார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"விஜாரணையில கேட்டா இதை இப்படியே சொல்லிடுங்கோ. எனக்காக ஒண்ணும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்."

நாலரைக்கு இழுவைப் படகு கயிற்றை இறுக்கியது. கப்பல் ஒரு பெருமூச்சு விட்டது, மணல் எங்களை விட்டது. ஞாயிறு மாலை எலியட்ஸ் பீச்சின் மொத்தக் கூட்டமும் பஜ்ஜியும் கையுமாகக் கரையில் நின்று கை தட்டியது. தண்ணீர் பொன்னாக இருந்தது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நல்ல காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

விசாரணை இரண்டு வாரம் கழித்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு அலுவலகத்தில். மூன்று அதிகாரிகள், ஒரு நீள மேஜை, அதில் எங்கள் சார்ட். நான் பன் கதையைச் சொன்னேன். கூட்டவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த மூத்த அதிகாரி அதை எளிதில் நம்பவில்லை. அதிகாரியைக் காப்பாற்ற மாலுமி சொல்லும் கதை என்று நினைத்தார் போலும். பூதக்கண்ணாடி வரவழைத்தார். நல்லவேளையாகச் சார்ட்டே பேசியது. துடைத்த இடத்தின் குறுக்கே சந்தானம் சாரின் கோடு ஓரிடத்திலும் அறாமல், மங்காமல் ஓடியது. கோடு போட்டபின் அழித்திருந்தால் அதுவும் கலைந்திருக்கும். அழித்தது முன்பே என்பது அதில் நிரூபணம் ஆனது. நான் மூச்சு விட்டேன்.

அவர் விடவில்லை. சார்ட்டை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். அந்த வெள்ளை இடத்தில் ஒரு சின்னப் பள்ளம், அதனுள்ளே கரி, மினுக்கென்று.

இது என்ன என்று கேட்டார். துடைத்தபின் வைத்த புள்ளி இது, திருத்தம் இருந்த அதே இடத்தில். தரை தட்டியபின் யாராவது திருத்தத்தைத் திரும்பப் போட முயன்றீர்களா? அவர் பார்வை என்மேல் வந்தது. இது தெரிந்தால் பன் கதையும் பொய்யாகிவிடும், கோட்டின் சாட்சியும் போய்விடும், என்னோடு எல்லாம் போய்விடும்.

பக்கத்து நாற்காலியில் இருந்து சந்தானம் சார் எழுந்தார். ஆங்கிலத்தில், சாதாரணமாக, அது என்னுடையது என்றார். கோடு போடும்போது என் பென்சில் நுனி தவறிப் பட்டிருக்கும், கவனக்குறைவு, மன்னிக்க வேண்டும் என்றார். மூத்த அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

தீர்ப்பில் எனக்குக் கண்டிப்பு, பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிவைப்பு. சென்னைப் பணி தாமதமானாலும் கிடைத்தது. அவருக்கு மேலிடத்தின் கடும் அதிருப்தி என்று ஒரு கடிதம். ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தவறினார் என்று முதல் வரி. அது நியாயம்தான். இரண்டாவது வரியை அலுவலகத்தில் இருந்த நண்பன் ஒருவன் எனக்குச் சொன்னான். சார்ட் வேலையில் சுத்தமில்லை, கை நிதானமில்லை என்று எழுதியிருந்தார்களாம். நான் பார்த்த கைகளிலேயே சுத்தமான கை அது. அந்த வரிக்கு நான்தான் பொறுப்பு என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் பணியை முடித்து, ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கினேன்.

அவர் சில வருஷத்தில் கடற்படையை விட்டுவிட்டார். தேனாம்பேட்டையில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தார். என் மகள் கல்யாணத்துக்கு வந்தார். கஸ்தூரி அவரைப் பிடித்துக்கொண்டாள். கப்பல் தரை தட்டிய மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்த செய்தியை நான் எடுத்துக் காட்டியும், பேப்பர்காரனுக்கு இன்னா தெரியும் என்றவள் அவள். இன்றுவரை எங்கள் சொந்தத்தில் யார் வந்தாலும் அவளுக்காகக் கப்பல் நின்ற கதை உண்டு.

"சார், அன்னிக்கு எனுக்காவ கப்பல நிறுத்தி வெச்சீங்களே, மறக்கவே மாட்டேன் சார்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஆமாம்மா. கொஞ்சம் ஜாஸ்தி நேரம் நிறுத்திட்டோம்" என்றார், சத்தமில்லாமல் சிரித்தார்.

காகிதச் சார்ட் போனதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்த மறுநாள், நான் இப்போது குடியிருக்கும் அடையாறிலிருந்து மயிலாப்பூருக்குப் போனேன். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் இருக்கிறார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார், பென்சிலால். கரி நீளமாகச் சீவிய பென்சில். எழுத்துகள் காகிதத்தின் மேல் நிற்கிறதா மிதக்கிறதா என்று தெரியாத அளவுக்கு லேசாக இருந்தன. அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரைச் சார்ட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். நல்லதுதான் என்றார் அவரும்.

பிறகு சொன்னேன். அன்று மத்தியானம் நீங்கள் மேலே போயிருந்தபோது நான் அந்தப் புள்ளியை வைத்தேன் சார் என்றேன். முழு வட்டமும் போட நினைத்துத்தான் வைத்தேன், உங்களை மாட்டிவிடும் என்று தெரிந்துதான் வைத்தேன் என்றேன். முப்பது வருஷமாக ஒத்திகை பார்த்த பேச்சு, இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் கட்டத்தில் ஓர் எழுத்தை எழுதி முடித்தார். பேப்பரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார், ஊதினார். அப்புறம்தான் நிமிர்ந்தார். கண்ணில் கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை.

"அழுத்தாதீங்கோன்னு எத்தனை தரம் சொல்லியிருப்பேன், ஏகாம்பரம்."

அவருக்கு விசாரணை அறையிலேயே தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே, சார்ட் அறையில் குனிந்து வெகுநேரம் பார்த்தாரே, அப்போதே தெரிந்திருக்கிறது. கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம் என்று அவர் சொன்னது அதைப் பார்த்துவிட்டுத்தான். அவர் இன்னொரு கட்டத்தை விரலால் காட்டி, பதினோரு எழுத்தில் ஒரு கடல்பறவை சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த குறிப்பைப் படித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரி கேட்டாள். "இன்னா சொன்னாரு உன் சாரு?"

"அழுத்தாம எழுதச் சொன்னாரு."

"இத்தினி வருசம் கயிச்சு இதக் கேக்கவா வெயில்ல போன?" என்று சொல்லிவிட்டு, மாடிக்கொடியில் துணி எடுக்கப் போனாள்.